ஜெல்லிக்குள் ஒளிந்திருக்கும் உறைபனி

கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தால், ஐஸ்க்ரீம் கப்புக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக ஒன்று நடுங்கிக்கொண்டிருக்குமே, அது ஜெல்லி. காலேஜுக்குக் கிளம்பும் பையன் கண்ணாடி முன் நின்று தலையில் தேய்த்துக்கொள்வது ஹேர் ஜெல். கல்குவாரி வெடிவிபத்துச் செய்திகளில் தவறாமல் தலைகாட்டுவது ஜெலட்டின் குச்சி. ஒன்று சாப்பிடுவது, ஒன்று பூசிக்கொள்வது, ஒன்று வெடிப்பது. ஆனால் இந்த மூன்று சொற்களுக்கும் பாட்டி ஒருத்திதான். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில் பேசப்பட்ட லத்தீன் மொழியில் அவள் பெயர் 'கெலு'. 'தங்கம்' என்னும்போது நடுவில் 'க' எப்படி ஒலிக்கிறதோ, அந்த ஒலியோடு சொல்ல வேண்டும். அர்த்தம், உறைபனி.

உறைபனி என்றால் ஏதோ குளுகுளு சமாச்சாரம் என்று நமக்குத் தோன்றலாம். ஊட்டிக்குப் போய் புல்வெளி வெள்ளையாக இருப்பதை செல்போனில் படம் எடுத்துவிட்டு வருகிற ஆட்கள்தானே நாம். ஆனால் நிலத்தில் பயிர் வைத்திருப்பவனுக்கு அது எமன். ஒரே ராத்திரியில் ஒரு வருட உழைப்பைக் கருக்கிவிடும். இந்தச் சொல் இரண்டாயிரம் வருடங்களாக அழியாமல், மொழிக்கு மொழி பேரம் பேசி உயிர் பிழைத்து வந்ததற்குப் பின்னால் அந்தப் பயமும் இருக்கிறது.

எந்த வீட்டுப் பிள்ளை?

லத்தீன் இலக்கணத்தில் பெயர்ச்சொற்களை ஐந்து குடும்பங்களாகப் பிரித்திருப்பார்கள். தமிழில் 'மரம்' என்ற சொல் உருபு ஏற்கும்போது 'மரத்தை' என்று மாறுகிறது, 'வீடு' என்பது 'வீட்டை' ஆகிறது அல்லவா? அதுபோல ஒவ்வொரு குடும்பத்துக்கும் உருபு ஏற்பதில் ஒவ்வொரு பழக்கம். முதல் இரண்டு குடும்பங்கள் ரொம்பப் பெரியவை. நான்காவது குடும்பம் சின்னது. அதற்குள்ளும் ஆண்பாலோ பெண்பாலோ அல்லாத 'நடுப்பால்' சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொம்புக்கான 'கோர்னு', முழங்காலுக்கான 'கெனு', இறைச்சி வாட்டும் கம்பிக்கான 'வெரு', அப்புறம் நம்முடைய 'கெலு'. யூனிகார்ன் என்று குழந்தைகள் பையில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்களே ஒற்றைக் கொம்புக் குதிரை, அதில் இருக்கும் 'கார்ன்' இந்த கோர்னுவின் வழி வந்ததுதான்.

குடும்பம் இவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? பேசுகிறவர்களுக்கு விதி மறந்துபோகும். 'கெலு' விஷயத்தில் அதுதான் நடந்தது. ரோமானியர்களே இந்தச் சொல்லை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். 'கெலுஸ்' என்று ஆண்பாலாக ஒன்று. 'கெலும்' என்று இரண்டாம் குடும்பத்து நடுப்பாலாக ஒன்று. 'கெலு' என்று நான்காம் குடும்பத்து நடுப்பாலாக ஒன்று. கி.மு. 2-ம் நூற்றாண்டில் விவசாயத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய கேட்டோ, ஆண்பாலாக எழுதினார். அடுத்த நூற்றாண்டுக் கவிஞர் லுக்ரீஷியஸிடம் 'கெலும்' இருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்களில் கடைசியில் ஜெயித்தது 'கெலு'.

கேட்டோ இந்தச் சொல்லைப் பயன்படுத்திய இடம் கவனிக்க வேண்டியது. அது கவிதை இல்லை, வர்ணனை இல்லை. மரத்துக்கு ஒட்டுக் கட்டுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கத்தியால் சீவுவது, தண்டைப் பிளக்காமல் கட்டுவது, மழைத்தண்ணீர் இறங்காமல் மூடுவது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக வைக்கோலைச் சுற்றிக் கட்டச் சொல்கிறார். ஏன்? உறைபனி தாக்காமல் இருக்க. லத்தீன் உரைநடையில் முழுசாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகத்தில் இந்தச் சொல் வருவது ஒரு விவசாயியின் எச்சரிக்கையாகத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நல்ல லத்தீன் உரைநடையில் 'கெலு' பெரும்பாலும் ஒரே வேற்றுமையில்தான் வரும். நம்முடைய 'ஆல்' உருபின் வேலையையும் சேர்த்துச் செய்கிற வேற்றுமை அது. அதாவது 'பனியால்'. ஆறு பனியால் உறைந்தது, கை பனியால் விறைத்தது, வேர் பனியால் செத்தது என்கிற மாதிரி. பனி வந்தது, பனி போனது என்று அதை எழுவாயாக உட்கார வைத்துப் பேசுவது அபூர்வம். வாக்கியத்தில் அது எப்போதும் காரணமாக நிற்கும். கெட்டது நடந்த பிறகு, 'யாரால்?' என்று கேட்டால் கிடைக்கிற பதில்.

லத்தீனில் பனிக்கு வேறு சொற்களே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. புல்நுனியில் உப்புத் தூவினதுபோல வெள்ளையாகப் படிவதற்கு 'ப்ருயினா' என்று தனியாக ஒரு சொல். அதற்கு 'கெலு' அளவுக்கு வாரிசு பலம் இல்லை. ஆனால் தாவரவியலில் பிழைத்துக்கொண்டது. திராட்சைப் பழத்தின்மேல், துடைத்தால் போய்விடுகிற வெள்ளைப் பொடி மாதிரி ஒரு மெழுகுப் படலம் இருக்கும். மருந்து அடித்திருக்கிறார்கள் என்று பல வீடுகளில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். பழமே தன்மேல் உண்டாக்கிக்கொள்ளும் அந்தப் படலத்துக்கு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இன்றைக்கும் பெயர் 'ப்ருயினா'தான்.

'க' எப்படி 'ஜ' ஆனது?

ரோமப் பேரரசு உடைந்தது. லத்தீன் ஊருக்கு ஊர் வேறு வேறு மொழியாக வளர்ந்தது. இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, கட்டலான், ருமேனியன் என்று நாம் இன்று கேள்விப்படும் மொழிகள் எல்லாம் அப்படிப் பிறந்தவை. நடுப்பால் என்கிற வகையே இவற்றில் பெரும்பாலானவற்றில் ஒழிந்துபோனது. கெலுஸா, கெலுமா, கெலுவா என்ற பழைய சண்டையும் அத்தோடு முடிந்தது. கடைசி எழுத்துகள் தேய்ந்ததில் மூன்றும் ஒன்றாகி, ஆண்பால் சொல்லாகக் குடியேறிவிட்டன.

அடுத்து மாறியது முதல் எழுத்து. 'எ', 'இ' உயிருக்கு முன்னால் வரும் 'க' ஒலி, நாக்கின் முன்பக்கம் நகர்ந்து மென்மையாகிவிடும். இது உலகத்தில் பல மொழிகளில் நடப்பது. நம் பக்கத்திலேயே இருக்கிறது உதாரணம். கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி'. அந்த மாதிரி 'கெலு' இத்தாலியில் 'ஜெலோ' ஆனது, பிரான்ஸில் 'ஜெல்' ஆனது.

ஸ்பெயின்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். அந்த ஒலியை அப்படியே விழுங்கிவிட்டார்கள். எழுதும்போது 'எச்' என்ற எழுத்தை முன்னால் போடுகிறார்கள், ஆனால் அதற்கு ஒலி கிடையாது. உச்சரிப்பு 'யெலோ'. அர்த்தமும் கொஞ்சம் நகர்ந்து, உறைபனியிலிருந்து ஐஸ்கட்டிக்கு வந்துவிட்டது. ஹோட்டலில் ஜூஸுக்கு ஐஸ் வேண்டாம் என்று சொல்ல அங்கே இந்தச் சொல்தான் வேண்டும். 'எலாடோ' என்றால் ஐஸ்க்ரீம். 'எலாடா' என்றால் உறைபனி. கடைசி ஒரு எழுத்தை மாற்றினால் குழந்தை சிரிக்கும் அல்லது விவசாயி அழுவார்.

கேப்ரியல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவல் 1967-ல் வந்தது. உலகத்தின் பிரபலமான நாவல் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. ஸ்பானிஷ் மூலத்தில் அந்த முதல் வாக்கியம் முடிகிற கடைசிச் சொல் இந்த 'யெலோ'தான். வெயில் கொளுத்தும் கொலம்பியக் கிராமத்தில் ஐஸை முதல்முதலாகப் பார்த்த ஒரு பையனின் ஞாபகம் அது. இத்தாலிய விவசாயி வைக்கோலால் மூடி விரட்டிய அதே சொல், கடல் தாண்டிப் போய் அதிசயப் பொருளாகிவிட்டது.

காப்பித் தோட்டத்தைக் கொன்ற சொல்

போர்ச்சுகீஸ் மொழிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் 'ல' மாட்டிக்கொண்டால் அதை உதிர்த்துவிடும். லத்தீனில் வானத்துக்கு 'கைலும்'. போர்ச்சுகீஸில் வெறும் 'செவ்'. வலிக்கு 'டோலோர்'; அங்கே 'டோர்'. அப்படியென்றால் ஐஸுக்கும் 'ல' போயிருக்க வேண்டும். ஆனால் 'ஜெலு' என்று 'ல' சுத்தமாக நிற்கிறது. இது ஊர்க்காரன் வாயில் தேய்ந்து வந்த சொல் அல்ல, பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீனைப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொண்ட வடிவம் என்பதற்கு அதுவே அடையாளம். நிஜமாகவே தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து வந்த சொல் வேறு ஒன்று. 'ல' உதிர்ந்த 'ஜெயாடா'. உறைபனி என்று அர்த்தம். குளிர்பான டம்ளரில் மிதப்பது படித்த சொல், வயலில் விழுவது பாட்டன் சொல்.

1975 ஜூலையில் பிரேசில் முழுக்க இந்தச் சொல்தான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலை குளிர்காலம். தெற்கே இருக்கும் பரானா மாநிலம் ஒருகாலத்தில் பிரேசிலின் காப்பியில் ஏறக்குறைய பாதியை விளைவித்த இடம். லோண்ட்ரினா, மரிங்கா போன்ற ஊர்கள் காப்பியால் வளர்ந்தவை. ஆனால் காப்பிச் செடி வெப்பநாட்டுப் பிள்ளை. பரானாவோ மகர ரேகையை ஒட்டி, காப்பி தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லையின் விளிம்பில் இருந்தது. ஜூலை 17 அன்று மாநிலத் தலைநகர் குரிச்சிபாவில் பனிமழையே பெய்தது. ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள் விடிந்தபோது வடக்கே காப்பித் தோட்டங்கள் கருகிக் கிடந்தன.

பிரேசில்காரர்கள் அதை 'ஜெயாடா நெக்ரா' என்கிறார்கள். கறுப்பு உறைபனி. சாதாரண உறைபனியில் இலைமேல் வெள்ளைப் படலம் தெரியும். இது அப்படி இல்லை. காற்றில் ஈரம் குறைவு, ஆனால் குளிர்காற்று கடுமை. செடிக்குள் ஓடும் சாறே உறைந்துவிடும். வெளியே வெள்ளை எதுவும் தெரியாது. வெயில் ஏறியதும் இலை, கிளை எல்லாம் கொள்ளிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். பழம் மட்டும் போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே மரமே போனது. புதிதாக நட்டால் பலனுக்கு வர மூன்று, நான்கு வருடம் ஆகும்.

அடுத்த ஆண்டு பரானாவில் காப்பி அறுவடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. பல நில உடைமையாளர்கள் திரும்பக் காப்பி நடவே இல்லை. சோயாவும் கோதுமையும் போட்டார்கள். அதற்கு டிராக்டர் போதும், ஆள் வேண்டாம். தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்து காப்பி பறித்த குடும்பங்கள் மூட்டை கட்டின. பக்கத்து நகரங்களுக்கும், சாவோ பாவ்லோவுக்கும், மேற்கே காட்டைத் திருத்தும் பகுதிகளுக்கும் லட்சக்கணக்கானோர் போனார்கள். காப்பியிலிருந்து விலகும் போக்கு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது என்பதும் உண்மை; ஆனால் அந்த ஒரு ராத்திரி அதை அவசரப்படுத்திவிட்டது.

அதன் சூடு உலகம் முழுக்க அடித்தது. 1977 ஏப்ரலில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு காப்பிக்கொட்டை 3 டாலரைத் தாண்டியது. காப்பி வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் பிரசாரம் நடந்தது. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே பாதிக் காப்பியும், பாதிக்குச் சிக்கரி, கம்புதானியம், பட்டாணி வகையறாவும் கலந்த ஒரு தூளை விற்றது. சிக்கரி கலப்பு நமக்குப் பழகிய சங்கதி. பட்டாணி அப்படி இல்லை. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். சமாளிக்க வழி தேடிய அந்த அரசு, 1980-ல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டு அங்கே காப்பி நட உதவியது. மரம் வளர்ந்து காய்க்கும் நேரத்தில், 1990-ல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போய்விட்டது. வியட்நாம் மட்டும் இன்று காப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.

ரொட்டிமேல் தடவும் பனி

பிரெஞ்சு மொழிதான் இந்தச் சொல்லை வைத்துப் பெரிய விளையாட்டு விளையாடியிருக்கிறது. 'ஜெல்' என்றால் கடுங்குளிர், உறைவு. 'உறையவை' என்ற வினை 'ஜெலே'. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்லும் உச்சரிப்பில் 'ஜெலே'தான், எழுத்தில் மட்டும் வித்தியாசம். அதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, உறைபனி. இன்னொன்று, ஆறியதும் கட்டிக்கொள்ளும் உணவு. இறைச்சியும் எலும்பும் போட்டுக் கொதிக்கவைத்த சாறை இரவு அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கெட்டியாகிக் குலுங்கும். ஆட்டுக்கால் சூப்பு மிச்சம் வைத்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. 'உறைந்துபோச்சு' என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள். அப்புறம் பழச்சாறில் செய்ததும் அதே பெயரில் ஓடியது. ஆங்கிலேயர்கள் அதைக் கடன் வாங்கி 'ஜெல்லி' என்றார்கள். அங்கிருந்து கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டது.

பிரெஞ்சுக் குடியானவர் வீட்டில் ஒரே சொல், மேஜைமேல் இருந்தால் இனிப்பு, ஜன்னலுக்கு வெளியே இருந்தால் நஷ்டம். 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் அது ஜன்னலுக்கு வெளியே இருந்தது. மார்ச் கடைசியில் கோடைகாலம்போல வெயில் அடித்தது. ஏமாந்த திராட்சைக் கொடிகள் சீக்கிரமே துளிர்விட்டன. ஒரு வாரத்தில் துருவக் காற்று இறங்கியது. சில இடங்களில் மைனஸ் 5 டிகிரிக்கும் கீழே. இளந்துளிருக்கு மைனஸ் 2-ஏ ஆபத்து.

அந்த ராத்திரிகளில் பர்கண்டி, ஷாப்லி பக்கம் எடுத்த புகைப்படங்கள் உலகம் முழுக்கப் பரவின. மலைச்சரிவு முழுக்கத் தீபத்திருநாள்போல விளக்கு வரிசை. பார்க்க அழகு, பக்கத்தில் போனால் பதற்றம். பெயின்ட் டப்பா மாதிரி டப்பாவில் மெழுகை நிரப்பி, ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வைத்துக் கொளுத்தி, காற்றை ஒன்றிரண்டு டிகிரி சூடாக்கப் பார்க்கிறார்கள். குடும்பத்தோடு விடிய விடிய கண்விழித்துப் பற்றவைக்க வேண்டும். செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

இன்னொரு முறை கேட்பதற்கு விநோதமாக இருக்கும். துளிரின்மேல் தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் உறைந்து துளிரைச் சுற்றி ஐஸ் கூடு கட்டும். உறையும்போது தண்ணீர் வெப்பத்தை வெளியே விடும் என்பது இயற்பியல். தெளிப்பதை நிறுத்தாத வரைக்கும் கூட்டுக்குள் இருக்கும் துளிர் பூஜ்யம் டிகிரியிலேயே தாக்குப்பிடிக்கும், அதற்குக் கீழே போகாது. பனியைக் கொண்டே பனியைத் தடுப்பது. நடுவில் மோட்டார் நின்றால் கதை முடிந்தது.

அந்த முறை விளக்கும் தண்ணீரும் பல இடங்களில் போதவில்லை. திராட்சையோடு ஆப்ரிகாட், செர்ரி, ஆப்பிள் தோட்டங்களும் போயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மிகப்பெரிய விவசாயப் பேரழிவாக இதைச் சொல்லலாம் என்றார் அப்போதைய விவசாய அமைச்சர் ஜூலியன் டெனோர்மாண்டி. அரசாங்கம் 100 கோடி யூரோ நிவாரணம் அறிவித்தது. அடுத்த ஆண்டே பயிர்க் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றினார்கள். பூமி சூடாகும் காலத்தில் பனியால் நஷ்டமா என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த மார்ச் வெயிலில் இருக்கிறது. குளிர் அதிகமானதால் வந்த வினை அல்ல, செடி முன்னதாகத் துளிர்த்ததால் வந்த வினை.

அதே பிரான்ஸில் அந்த வருடம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு பாட்டில். கொரோனா காலம். கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசருக்கு அவர்கள் சொல்லும் பெயரிலும் 'ஜெல்' உண்டு. எழுத்துப் பிசகாமல் அதே சொல். ஆனால் இது வேறு வழியாக வீடு திரும்பிய பேரன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், 1860-களில், திரவமும் இல்லாமல் திடமும் இல்லாமல் நடுவில் நிற்கும் பொருள்களை ஆராய்ந்தபோது 'ஜெலட்டின்' என்ற சொல்லை வெட்டிச் சுருக்கி 'ஜெல்' என்று பெயர் வைத்தார். ஜெலட்டின் என்பதே இத்தாலியிலிருந்து வந்த சொல், 'ஜெலாட்டினா'. ஆக, லத்தீனிலிருந்து நேராக பிரெஞ்சுக்கு வந்த 'ஜெல்' ஒன்று. இத்தாலி, பிரிட்டன் என்று சுற்றிவிட்டு வந்த 'ஜெல்' இன்னொன்று. விலைவாசியை அரசாங்கம் நிறுத்திவைத்தாலும் 'ஜெல்', ஒருவரின் சொத்தை முடக்கினாலும் 'ஜெல்'. பிரெஞ்சு செய்தித்தாளில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு விவசாயச் செய்தியா, பொருளாதாரச் செய்தியா, அழகுக் குறிப்பா என்று முடிவு செய்ய முடியாது.

ஜெலட்டின் பற்றி ஒரு வீட்டுக் குறிப்பு. மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது அது. சைவக்காரர்கள் ஜெல்லி பாக்கெட்டை வாங்கும்போது பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சைனா கிராஸில் செய்தால் அந்தப் பிரச்னை இல்லை, அது கடல்பாசி.

பனியும் நெருப்பும்

கல்குவாரிக்கு வருவோம். நைட்ரோகிளிசரின் என்ற திரவம் தொட்டால் வெடிக்கும் ரகம். அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதே ஆல்ஃபிரட் நோபலின் வாழ்நாள் வேலை. முதலில் ஒருவகை மண்ணில் ஊறவைத்து டைனமைட் செய்தார். 1875-ல் இன்னொரு வழி கண்டுபிடித்தார். நைட்ரோசெல்லுலோஸைச் சேர்த்ததும் அந்தத் திரவம் ஜெல்லி மாதிரி கட்டிக்கொண்டது. டைனமைட்டைவிடச் சக்தி அதிகம், தண்ணீர் பட்டாலும் கெடாது. அதற்கு வைத்த பெயரில் 'ஜெலட்டின்' வந்தது. உள்ளே எலும்பும் இல்லை, தோலும் இல்லை. கட்டிக்கொண்டதுதான் காரணம். அதன் வழியில் வந்த மலிவான வகைக்கு 'ஜெலிக்னைட்' என்று பெயர். பின்பாதியில் இருப்பது நெருப்பைக் குறிக்கும் லத்தீன் சொல் 'இக்னிஸ்' என்பது அகராதிக்காரர்களின் கருத்து. அப்படியென்றால் ஒரே குச்சிக்குள் உறைபனியும் நெருப்பும். நம் குவாரிகளில் இன்று போடுவது பெரும்பாலும் வேறு ரசாயனக் கலவை. பெயர் மட்டும் போலீஸ் எஃப்.ஐ.ஆரில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தின் 'கூல்', 'கோல்டு', 'சில்' ஆகிய மூன்றும் இதே குடும்பம். ஆனால் இவை லத்தீனிடம் வாங்கியவை அல்ல. லத்தீனுக்கும் ஜெர்மானிய மொழிகளுக்கும் பொதுவான ஒரு மூதாதை மொழியில் இருந்த வேர், இங்கே வல்லின 'க' ஆகி நின்றது. பேத்திகள் அல்ல, ஒன்றுவிட்ட தங்கைகள்.

ருமேனியாவின் கதை தனி. மற்ற சகோதர மொழிகளிலிருந்து பிரிந்து கிழக்கே தனியாக வளர்ந்த மொழி அது. அங்கே உயிரெழுத்துகளுக்கு நடுவில் வந்த 'ல', 'ர' ஆகிவிட்டது. அதனால் 'கெலு' அங்கே 'ஜெர்'. மூக்கு நுனி மரத்துப்போகும் கடுங்குளிர். ஜனவரி மாதத்துக்குக் கிராமத்து வழக்கில் 'ஜெரார்' என்றே பெயர். இலக்கணத்திலும் ஒரு வேடிக்கை. மற்ற ஊர்களில் ஒழிந்துபோன நடுப்பால் ருமேனியனில் வேறு உருவில் இருக்கிறது. ஒருமையில் ஆண்பால்போலவும் பன்மையில் பெண்பால்போலவும் நடந்துகொள்ளும் சொற்கள் அவை. 'ஜெர்' அந்த வகையில் சேர்ந்திருக்கிறது. கேட்டோ ஆண்பால் என்றார், இலக்கணப் புத்தகம் நடுப்பால் என்றது. ருமேனியாவில் இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி.

இந்தச் சொல்லோடு முன்னொட்டு சேர்ந்தால் எல்லாம் தலைகீழாகிறது. பிரெஞ்சில் 'டெஜெலே' என்றால் உறைந்தது இளகுவது. இத்தாலியனில் 'டிஸ்ஜெலோ', ஸ்பானிஷில் 'டெஸ்யெலோ' எல்லாம் பனி உருகுவதுதான். ஸ்டாலின் இறந்த பிறகு சோவியத் நாட்டில் கெடுபிடி தளர்ந்த காலத்துக்கு, 1954-ல் இல்யா எரன்பர்க் எழுதிய குறுநாவலின் பெயரே அடையாளமானது. அதன் பிரெஞ்சு, இத்தாலிய மொழிபெயர்ப்புகளின் தலைப்பு இந்தச் சொற்கள்தாம். அரசியல் இறுக்கம் தளர்ந்தால் அந்த நாட்டுப் பத்திரிகைகள் இன்றும் பனி உருகியதாகவே எழுதும். ஆனால் ருமேனியனில் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும் 'டெஜெரா' என்ற சொல்லுக்கு அர்த்தம், குளிரில் விறைத்துப்போவது, விரல் பனியில் செத்துப்போவது. ஒரு பிரெஞ்சுக்காரர் இளகிவிட்டது என்று சந்தோஷப்படும் சொல்லைக் கேட்டு ருமேனியர் டாக்டரைக் கூப்பிடுவார்.

பலெர்மோவின் தர்பூசணி

எல்லாப் பேரப்பிள்ளைகளிலும் பாட்டியின் முகத்தை அச்சாக வைத்திருப்பது சிசிலித் தீவில் இருக்கிறது. 'ஜெலு டி முலுனி'. தர்பூசணி ஜெல்லி. ஜூலை நடுவில் பலெர்மோ நகரம் தன் காவல் புனிதையான சாண்டா ரொசாலியாவுக்குத் திருவிழா எடுக்கும்போதும், ஆகஸ்ட் 15 விடுமுறையின்போதும் செய்வார்கள். தர்பூசணியைப் பிழிந்து வடிகட்டி, சர்க்கரையும் ஸ்டார்ச் மாவும் சேர்த்துக் கட்டி விழாமல் கிண்டி, கிண்ணத்தில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். வாசனைக்கு மல்லிகைப்பூ ஊறிய தண்ணீர், கொஞ்சம் பட்டைத்தூள். மேலே பிஸ்தா. எடுத்துப்போட்ட விதைகளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன சாக்லேட் துண்டுகள். ஜெலட்டின் கிடையாது, ஃப்ரீசர் கிடையாது. சிசிலியின் ஆகஸ்ட் வெயிலில் உறைபனியின் பெயரில் ஓர் இனிப்பு.

'கெலு' எப்படி முடிந்ததோ அப்படியே 'உ'-வில் முடிகிறதே, நான்காம் குடும்பத்து வால் இங்கே மட்டும் தப்பிவிட்டதோ என்று தோன்றும். அது இல்லை. சிசிலியில் சொல்லின் கடைசியில் 'ஓ' எங்கே வந்தாலும் 'உ' என்றுதான் சொல்வார்கள். இத்தாலியில் பூனை 'கத்தோ' என்றால் இவர்களுக்கு 'கத்து'. அந்தக் கணக்கில் 'ஜெலோ'வும் 'ஜெலு' ஆனது. பழைய வால் உதிர்ந்து, புதிதாக ஒன்று முளைத்து, பார்த்தால் பழையது மாதிரியே இருக்கிறது.